அக்கம்பக்கம் என்றொரு பக்கம்

“ஊடகப் பிரிவு உதவியாளர். சாந்தமே உருவானவர். முன்னால் வர விரும்பாமல், பின்வரிசையிலிருந்து புன்னகையோடு தொண்டாற்றும் இல்லத்தரசி.” பிரார்த்தனை மண்டபத்தின் புதிய இணையதளத்தில், ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தில், அக்காவின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது. படத்தில் இருப்பது அக்காதான். மற்றதெல்லாம் வேறு யாரோ.

மண்டபச் செயலாளரின் மாப்பிள்ளை செல்போனை நீட்டி இந்த வாசகத்தைக் காட்டியபோது அக்கா மைக்குகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வாரக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு மைக்கின் தலையையும் துடைப்பது அவர் வழக்கம். துடைத்துக்கொண்டே, போன வாரம் அதில் பேசியவரைத் திட்டுவதும் வழக்கம். “வாய்க்குள்ளயே விட்டுப் பேசுறாரு மனுஷன். இது மைக்கா, குச்சி ஐஸா?” அன்றும் ஒரு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார். படித்து முடித்ததும் பஞ்சைக் கீழே எறிந்தார்.

“இல்லத்தரசியா? என் வீட்டுல நான் இருக்கிற நேரத்தவிட கொசு இருக்கிற நேரம் ஜாஸ்தி. யாரு எழுதினது இது?”

“நான் எழுதலக்கா. சாஃப்ட்வேரே எழுதிடும். போட்டோவப் போட்டா போதும்.”

“போட்டோவப் பார்த்துட்டா சாந்தம்னு எழுதுச்சு? முதல்ல அதைக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

மண்டபம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே வார்னிஷ் வாசனை, மேலே பாட்டு. பின்சுவரை ஒட்டி ஒரு நீள மேஜை. அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, கம்ப்யூட்டர், அக்காவின் தண்ணீர்ப் புட்டி. யாரும் மேஜையில் கைவைத்துச் சாயக் கூடாது. குழந்தைகளுக்கு இது பிறக்கும்போதே தெரியும் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் எல்லோரும் ‘அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘மிளகாய்’. அது அவருக்கும் தெரியும். “மிளகாய் இல்லாம உங்க யாரு வீட்டுல அடுப்பு எரியுது?” என்று ஒருமுறை மைக்கிலேயே கேட்டிருக்கிறார், மைக் அணைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.

பகலில் அக்காவுக்கு வேலை காதுகளோடு. ஒரு காது மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில், சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருப்பவருக்கு மெல்லிய ‘பீப்’ ஒலிகளை அனுப்புகிறார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. காது மந்தம் என்று வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், ஒலியே அனுப்பாதபோதும் டக் டக்கென்று அழுத்துகிறார்கள். “கேக்காமலே ‘கேட்டுச்சு’ங்கிறவங்கதான் நாட்டுல பாதிப் பேரு” என்பார் அக்கா. அந்த அறையில் அவர் குரலை உயர்த்த முடியாது. நாள் முழுவதும் அடக்கிய சத்தத்தை மாலையில் பேருந்திலும் காய்கறிக் கடையிலும் மண்டபத்திலும் அவர் பங்கிட்டுக் கொடுக்கிறார்.

கோபத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தன் காலை மிதித்தவனை மன்னித்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் காலை மிதித்தவனை இறங்கும் நிறுத்தம் வரை விடமாட்டார். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளின் கூச்சலில் பாதிக் காது போய், மீதிக் காதை மனைவிக்காக வைத்திருப்பதாகச் சொல்கிறவர். “உங்க வீட்டம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?” என்று யாரோ கேட்டதற்கு, “கடவுளுக்கு இவ மேல நம்பிக்கை இருக்கா, அதை முதல்ல விசாரிங்க” என்றாராம்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஒரு வாரம்கூடத் தவறாமல் வரும் அக்கா ஒரு வாரமும் பிரார்த்தனையில் கண்ணை மூடியதில்லை. “எல்லாரும் கண்ண மூடிட்டா வயர் தடுக்கி விழுறவன யாரு பாக்குறது?” என்பார். பிரசங்கத்தின்போது பாடல் வரிகளைத் திருத்துவார். காணிக்கையின்போது கேபிள் சுற்றுவார். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் ஆள் வேறு. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். பாடல் வரிகளைத் திரையில் நகர்த்துவது அவர்தான். கூட்டத்தில் ஆக மெதுவாகப் பாடுகிறவர் வரியை முடிக்கும் வரை அடுத்த வரி வராது. “பாடகர் முன்னாடி போயிட்டார்க்கா” என்று கிதார்க்காரர் முறையிட்டால், “போகட்டும். அவரு வீட்டுக்கு வழி அவருக்குத் தெரியும். பின்னாடி வர்றவங்களுக்குத்தான் வரி வேணும்” என்பார்.

பக்திப் பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே பாடுகிறவர் மூச்சு இழுக்கும் சத்தம் இருக்கிறதே, அதுதான் பிரார்த்தனையாம். மற்றதெல்லாம் சொல்லும் தாளமும். “சொல்லு யாரு வேணா எழுதலாம். மெட்டு யாருகிட்டேருந்து வேணா தூக்கலாம். மூச்ச மட்டும் அவங்கவங்க நெஞ்சுலேருந்துதானே எடுக்கணும்?” அதனால் அவர் பதிவு செய்த பாட்டுகளில் மூச்சு இருக்கும், இருமல் இருக்கும், நாற்காலி இழுபடும் ஓசை இருக்கும். எதையும் வெட்டமாட்டார்.

அந்தப் பாட்டுகளுக்காக அவர் ஓர் இணையதளம் வைத்திருந்தார். மண்டபத்துக்கு அப்போது தளம் என்ற ஒன்று வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. தானாகக் கற்று, தானாகத் திட்டிக்கொண்டு கட்டியது. வெளிர்பச்சைப் பின்னணி, பெரிய எழுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். அதில் ‘அக்கம்பக்கம்’ என்று தனியாக ஒன்று. தனக்குப் பிடித்த பிற பாட்டுத் தளங்களுக்கெல்லாம் அங்கே இணைப்புக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதிவைத்திருந்தார். “இங்கே பெண்கள் குழு அபாரம். ஆண்கள் குழுவுக்குப் பசி போலிருக்கிறது.” “பாடுகிறவர் தொண்டையைச் செருமுவதைப் பொறுத்துக்கொண்டால் நல்ல பாட்டு.” எந்த மதம், எந்தச் சபை என்று அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்காது. அக்காவுக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பார்.

அந்த வரிசையில் ஒன்று அடுத்த தெருவைச் சேர்ந்தது. அங்கே, முன்பு டயர்க் கிடங்காக இருந்த கட்டடத்தில், வேறொரு நம்பிக்கைக்காரர்களின் வழிபாட்டு இல்லம் இருக்கிறது. அவர்களுடைய பாட்டுத் தளத்தைக் கவனிப்பவர் ஒரு குழாய்க்காரர். இவர்களுக்குள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. மண்டபத்தின் மெட்டு ஒன்று, வேறு சொற்களை உடுத்திக்கொண்டு, குழாய்க்காரரின் தளத்தில் உலாவுவதை அக்கா கண்டுபிடித்தார். நெருப்பாக ஒரு மின்னஞ்சல் போனது. பதில் உடனே வந்தது: “ஆமாங்க, எடுத்துட்டோம். ரொம்ப நல்ல மெட்டு. உங்க பதிவுல ரெண்டாவது சரணத்துல ஒரு இரைச்சல் வருது. எர்த் வயர் விட்டுப்போயிருக்கும், பாருங்க.” அக்கா பார்த்தார். விட்டுப்போயிருந்தது. அன்றே அக்கம்பக்கத்தில் ஒரு வரி ஏறியது: “மெட்டுத் திருடர்கள். ஆனால் ஒலிப்பதிவு சுத்தம்.”

இதற்குப் பிறகு நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. அப்போதிருந்த செயலாளர் ஒருவர், மண்டபத்து ஆண்டு விழா வீடியோவைச் சேமிக்க இடம் போதவில்லை என்று, கம்ப்யூட்டரிலும் தளத்திலும் இருந்த பழைய பாட்டுகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. “பழைய பாட்டுதானே” என்றார். பாடியவர்களில் பலர் உயிரோடு இல்லை. அந்தச் செயலாளர் ஊரைவிட்டுப் போகும் வரை அக்கா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன பிறகும் அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்து முறைப்பார்.

செய்தி எப்படியோ அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் குழாய்க்காரர் மருத்துவமனை வாசலில் வந்து நின்றார். தோளில் தொழில் பை. ஸ்பானருக்கும் டேப்புக்கும் நடுவே கைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மெட்டுத் திருடுவதற்காக வருடக்கணக்காக அவர் இறக்கிவைத்திருந்த மண்டபத்துப் பாட்டுகள். அத்தனையும். “திருடினது நல்லதாப் போச்சு பாருங்க” என்றார். அக்கா அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. தளத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டு, அக்கம்பக்கத்தில் அந்த வரியோடு இன்னொன்றைச் சேர்த்தார்: “நம் பழைய பாட்டுகள் அழிந்தபோது திருப்பித் தந்தவர்கள் இவர்கள்.” குழாய்க்காரரும் தன் தளத்தில் ‘அடுத்த தெருப் பாட்டுகள்’ என்று ஒரு பக்கம் திறந்து அதே பாட்டுகளை வைத்தார். “எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்மா. உங்க ஆளுங்கள நம்ப முடியாது” என்று காரணமும் சொன்னார். அக்காவின் இணைப்பு அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறது.

இப்போதைய செயலாளர் காப்பீட்டு முகவர். குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டதும் இல்லை. எதிரில் இருப்பவரின் வயதைப் பார்க்காமல் எல்லாப் பெண்களையும் ‘தங்கச்சி’ என்பார். அவர் மாப்பிள்ளைதான் புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. பாட்டு வரியைத் தானே நகர்த்தும், கூட்டத்தைத் தானே ஒளிபரப்பும், தளத்தைத் தானே நடத்தும். பழைய பதிவுகளைத் தானே ‘சுத்தம்’ செய்தும் கொடுக்கும். மாதிரிக்கு ஒரு பாட்டைச் சுத்தம் செய்து போட்டுக் காட்டினார்கள். மூச்சு ஒன்றுகூட இல்லை. சொல் முடிந்ததும் கிணறு போல ஒரு மௌனம், பிறகு அடுத்த சொல்.

“எப்படிக்கா இருக்கு?”

“பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு.”

மென்பொருளுக்கு இன்னொரு திறமையும் இருந்தது. மண்டபத்தின் புதிய தளத்தில் சேர்க்கவிருந்த அக்காவின் தளத்திலிருந்து வெளியே போகும் வழிகளையெல்லாம் சோதித்து, ‘உங்கள் சமூகத்துக்குப் பொருந்தாதவை’ என்று தனக்குப் பட்டவற்றைச் சிவப்பில் காட்டும். ஒரே ஒரு சிவப்புக் காட்டியது: குழாய்க்காரரின் தளம். குழு கூடியது. பிரார்த்தனைக்கு வருவதைவிட வேகமாகக் கூடக்கூடிய குழு அது.

“தங்கச்சி, உன் உழைப்ப யாரும் குறை சொல்லல” என்று செயலாளர் ஆரம்பித்தார்.

“இப்படி ஆரம்பிச்சா குறை வரப்போகுதுன்னு அர்த்தம். சொல்லுங்கண்ணே.”

“நம்ம பக்கத்துலேருந்து அவங்க பக்கத்துக்கு ஒரு வழி இருக்கு. சின்னப் பிள்ளைங்க யாராச்சும் தெரியாம அதைத் தொட்டுட்டா…”

“தொட்டுட்டா?”

“அங்க போயிடுவாங்க.”

“போனா?”

“அங்க இருக்கிற பாட்டக் கேப்பாங்க.”

“கேட்டா?”

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கூரையைப் பார்த்தார். “நம்பிக்கை குழம்பும் இல்லையா தங்கச்சி.”

“ஒரு பாட்டுல குழம்பிப்போற நம்பிக்கையையா அண்ணே இத்தனை வருஷமா ஊட்டி வளர்த்தீங்க?”

பொருளாளர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உவமையில் ஆசை உள்ளவர். “லிங்க் குடுக்கிறதும் பொண்ணு குடுக்கிறதும் ஒண்ணுதாம்மா. இன்னைக்கு லிங்க்கும்பாங்க. நாளைக்கு சம்பந்திம்பாங்க.”

“பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வழி கேட்டா சொல்றீங்கல்ல? சொல்லிட்டு அவன் கூடவே பஸ் ஏறிடுறீங்களா? அவன் மாமியாருக்குச் சீர் கொண்டு போறீங்களா?” அக்காவின் குரல் கீழே மரச்சாமான் கடை வரை போனது. கட்டில் விலை பேசிக்கொண்டிருந்த யாரோ பேசுவதை நிறுத்தினார்கள். “சரி, அதை விடுங்க. இந்த லிங்க்க உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் தொட்டுப் பார்த்தீங்களா?”

தொடாமலேயே தீர்மானம் போட்டிருந்தார்கள். கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்காத ஒலிக்குப் பொத்தான் அழுத்துகிறவர்களைப் பார்ப்பது போல அக்கா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவரே அதைத் தொட்டார்.

குழாய்க்காரரின் பக்கம் திறந்தது. ஒரு பெண் குரல் வந்தது. வயதான குரல். மாலைப் பாட்டு. முதல் வரி முடிந்ததும் நீளமாக ஒரு மூச்சு, மூன்றாவது வரியில் அடக்கப் பார்த்தும் அடங்காத ஓர் இருமல், பிறகு இருமலுக்கு மன்னிப்புக் கேட்பது போல இன்னும் கொஞ்சம் உரத்து எழும் நான்காவது வரி. செயலாளரின் முகம் மாறியது. அவர் அம்மா பாடியது அது. அந்த அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. செயலாளர் கைக்குட்டையை எடுத்தார், கண்ணைத் துடைத்தார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. விஷயம் முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார்.

“அம்மா பாட்டு நம்மகிட்ட இல்லையா தங்கச்சி?” என்று செயலாளர் மெல்லக் கேட்டார்.

“இருக்கு. அதுவும் அவரு குடுத்ததுதான். இல்லேன்னா எங்கயும் இருந்திருக்காது.”

“நம்ம தளத்துலயே இருக்கா?”

“இருக்குண்ணே.”

“அப்போ ரொம்ப நல்லது.” செயலாளர் கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பாட்டுதான் நம்மகிட்டயே இருக்கே. அப்புறம் வழி எதுக்கு? எடுத்துடு. அந்த நன்றி வரியையும் சேர்த்து எடுத்துடு. நன்றிய மனசுல வச்சுக்குவோம். எழுதி வச்சாத்தான் நன்றியா?”

கத்துகிறவனோடு கத்தலாம். மேஜையை அடிப்பவனுக்கு முன்னால் நாற்காலியைத் தூக்கலாம். கண்ணைத் துடைத்த கையோடு கதவைச் சாத்துகிறவனை என்ன செய்வது? பொருளாளர் “அருமையான முடிவு” என்றார். யாருடைய மனமும் புண்படாத முடிவு என்று இன்னொருவர் சொன்னார். கூட்டத்தை முடித்துவைத்து ஒரு சிறு பிரார்த்தனையும் செய்தார்கள். அதில் நல்ல அக்கம்பக்கத்தாருக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லப்பட்டது. அக்கா கண்ணைத் திறந்தபடி நின்று, மூடிய கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பால் வேணுமாம், மாடு வேணாமாம்” என்று வீட்டில் பாத்திரங்களை உருட்டினார். “திருடன்னு நான் எழுதினப்போ அந்த மனுஷன் சிரிச்சாரு. திருடுனதுக்கும் ஒத்துக்கிட்டாரு, திருப்பியும் குடுத்தாரு. இவங்க வாங்குறதையும் வாங்கிட்டு, வாங்கலங்கிறாங்க.”

“உன் கோபம் நியாயந்தான்” என்றார் வீட்டுக்காரர். “ஆனா குக்கர் என்ன பண்ணுச்சு?”

மறுநாள் மதியம், பரிசோதனைக்கு ஆள் இல்லாத நேரத்தில், அக்கா செல்போனோடு சத்தம் புகாத கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் மனம் விட்டுக் கத்தக்கூடிய இடம் அது ஒன்றுதான். கண்ணாடிக்கு வெளியே இருந்த நர்ஸுக்கு அவர் கை வீசுவது மட்டும் தெரிந்தது.

குழாய்க்காரர் முழுவதையும் கேட்டார். பின்னால் எங்கோ தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. “எடுத்துடுங்கம்மா” என்றார். “இதுக்கு எதுக்கு சண்டை? எங்க கமிட்டியும்தான் கேட்டுச்சு, உங்க லிங்க்க எடுன்னு.”

“எடுத்துட்டீங்களா?”

“பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க. எனக்கு என் போன் நம்பரே ஞாபகம் இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும்.”

“பொய் சொல்லியிருக்கீங்க.”

“ஆமாம்மா. எனக்கு உங்கள மாதிரி சத்தம் வராது.”

“உங்க பேரையே எடுத்துட்டுப் பாட்ட மட்டும் வச்சுக்குவோங்கிறாங்க. உங்களுக்குக் கோபமே வராதா?”

“வரும். என் வீட்டுக்காரி வெளிய போனப்புறம் வரும்.” குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “பாட்டு உங்களோடதுதானேம்மா. நான் என்ன, வச்சிருந்தேன். அவ்வளவுதான். அந்த வரி மட்டும் போகாம இருந்தா நல்லாருந்திருக்கும். எங்க பையன் அதப் படிச்சுட்டு எல்லார்கிட்டயும் காட்டினான்.”

அக்கா போனை வைத்தார். கூண்டைவிட்டு வெளியே வர அவருக்கு நேரம் பிடித்தது.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு முன்னால் ஒப்படைப்பு நடந்தது. பாட்டுகள் ஒருமுறை அழிந்த பிறகு பழைய தளத்தின் சாவி அக்காவிடம் மட்டுமே இருந்தது. ஆகவே வேண்டாததை அவரே நீக்கிவிட்டு, மிச்சத்தை மாப்பிள்ளையின் மென்பொருளுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. குழு முழுவதும் வந்திருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் பெரிய திரையில் இணைத்திருந்தார். வழக்கமாகப் பாட்டு வரிகள் ஓடும் திரையில் வெளிர்பச்சைப் பக்கம் விரிந்தது. அக்கா தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார்.

அக்கம்பக்கத்தைத் திறந்தார். அந்த இணைப்பையும் அதன் கீழிருந்த இரண்டு வரிகளையும் தேர்ந்தெடுத்தார். ‘உறுதியாக நீக்கவா?’ என்று தளம் கேட்டது. ஆம். வரிகள் மறைந்தன.

“ரொம்ப சந்தோஷம் தங்கச்சி” என்றார் செயலாளர். “பெரிய மனசு உனக்கு.”

அக்கா பாட்டுகளின் பட்டியலுக்குப் போனார். பட்டியலின் தலையில் இருந்த பழைய பாட்டைத் தேர்ந்தெடுத்தார். ‘உறுதியாக நீக்கவா?’ ஆம்.

“அக்கா, தப்பா அமுக்கிட்டீங்க. அது பாட்டு” என்று மாப்பிள்ளை பதறினார்.

“தப்பா அமுக்கல தம்பி.” அடுத்த பாட்டு. ஆம். “வழி வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க. அந்த வழியா வந்தது மட்டும் எதுக்கு?” அடுத்தது. ஆம். “அன்னைக்கு அழிஞ்சதுக்கு அப்புறம் நான் பதிவு பண்ணினது எல்லாம் இருக்கும். அதுல கைவைக்கமாட்டேன். அடுத்த தெருவுலேருந்து வந்தது அடுத்த தெருவுக்குப் போகுது.”

“இது அராஜகம்” என்று பொருளாளர் எழுந்தார். “பாட்ட அழிக்கிறது பாவம்மா. அன்னைக்கு அந்த ஆளு அழிச்சப்போ நீதானே அவரு மூஞ்சியில முழிக்காம இருந்த?”

“ஆமா. அதனாலதான் எப்படி அழிக்கிறதுன்னு தெரியும்.” இதைச் சொன்னபோது அக்காவின் குரல் கீறியது. சுட்டியை விடாமல் அடுத்ததையும் நீக்கினார். “அன்னைக்கு எல்லாமே போச்சு. இன்னைக்கு எதுவும் போகல. எல்லாம் அவருகிட்ட பத்திரமா இருக்கு. வேணும்னா யாராச்சும் ஒருத்தர் மாடிப்படி இறங்கி, தெரு திரும்பி, அந்த டயர் கிடங்கு வாசல்ல நின்னு, ‘குடுங்க’ன்னு கேளுங்க. குடுப்பாரு. எனக்குக் குடுத்தாரே!”

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கலாமா என்று அவர் கண்கள் கேட்டன. ஆனால் வயர் மேஜைக்குப் பின்னால் இருந்தது, மேஜையில் சாய யாருக்கும் துணிவில்லை. திரையில் பட்டியல் குறுகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தலைப்பும் மறையும்போது பின்வரிசையில் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்த சில பெண்கள் அதைப் பாடியவர் யாரென்று சொல்லி முணுமுணுத்தார்கள்: நம்ம தையல்கார அத்தை, நம்ம கணக்கு வாத்தியார். அவர்களில் ஒருத்தி செல்போனை எடுத்து, “அந்தக் குழாய்க்காரர் தளத்துக்கு என்ன பேரு?” என்று பக்கத்தில் கேட்டாள். அது செயலாளர் காதிலும் விழுந்திருக்கும்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. மாலைப் பாட்டு.

செயலாளர் எழுந்து மேஜைக்கு அருகில் வந்தார். குரல் எப்போதும் போலத் தாழ்வாகத்தான் இருந்தது. ஆனால் அதில் முகவரின் வழவழப்பு இல்லை. “தங்கச்சி. அதை மட்டும் விட்டுடு. அம்மா.”

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அவர் பொய் அழுகை அழவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

“அந்த வரியத் திரும்பப் போடட்டுமாண்ணே? ஒரே ஒரு வரி. எல்லாத்தையும் நானே திரும்ப ஏத்துறேன்.”

செயலாளர் வாயைத் திறந்தார். குழுவைப் பார்த்தார். பொருளாளரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“கமிட்டி முடிவு தங்கச்சி. நான் தனியா என்ன பண்ண முடியும்?”

திரையில் அம்மாவின் பாட்டுத் தலைப்பும், அதற்குக் கீழே அந்தக் கேள்வியும் நின்றன.

அக்கா ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.